விவாகரத்துச் சமரச ஒப்பந்தம் (கடலூர், சிதம்பரம்)

பிரியும் கணவனும் மனைவியும் ஜீவனாம்சம், நகை, சீர், வீடு, குழந்தை பற்றிப் பேசி முடித்ததை எழுதிக் கையெழுத்திட்டு, நீதிமன்றத் தீர்ப்பாணையில் சேர்க்கும் ஆவணம் விவாகரத்துச் சமரச ஒப்பந்தம். பத்திரப்பதிவு அலுவலகத்தில் 'செட்டில்மென்ட்' என்று சொல்லப்படுவது சொத்துப் பத்திரம், அது வேறு.

ஊர்ப் பெரியவர்கள் முன்போ மகளிர் காவல் நிலையத்திலோ 'இனி ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லை' என்று எழுதி வாங்கும் வழக்கம் தமிழ்நாட்டில் உண்டு. நோட்டரி முத்திரை விழுந்தால் கல்யாணம் தீர்ந்துவிட்டதாகப் பலர் நம்புகிறார்கள். தீராது. இந்துத் திருமணச் சட்டம் (1955) 29(2) பிரிவில் சமூக வழக்கப்படியான மணமுறிவை ஏற்கிறது. ஆனால் அப்படியொரு வழக்கம் தொன்றுதொட்டு இருந்ததை நிரூபிக்க வேண்டும். நிரூபிக்காவிட்டால், அந்தத் தாளை நம்பிச் செய்த மறுமணம் செல்லாது. வாரிசுச் சான்றிதழோ குடும்ப ஓய்வூதியமோ கேட்டுப் போகும் நாளில்தான் மறுமணம் செய்த பெண்ணுக்கு இது தெரியவருகிறது. சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டை போன்ற ஊர்களின் முஸ்லிம் பெண்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: தனியார் அமைப்புகள் தரும் குலா (மனைவி கோரும் மணமுறிவு) சான்றிதழ் செல்லாது, குடும்பநல நீதிமன்றத்துக்கே போகவேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது.

பரஸ்பர சம்மத விவாகரத்து இந்துத் திருமணச் சட்டத்தில் 1976இல் 13பி பிரிவாகச் சேர்ந்தது. ஓராண்டு பிரிந்து வாழ்ந்தபின் இருவரும் சேர்ந்து மனு போட்டு, ஆறு மாதம் கழித்து மீண்டும் ஆஜராக வேண்டும். எல்லாம் பேசி முடிந்திருந்தால் இந்தக் காத்திருப்பைத் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் கூறியது. கடலூரில் குடும்பநல நீதிமன்றமும் சிதம்பரத்தில் சார்பு நீதிமன்றமும் உள்ளன. 2003 முதல், மனுதாரரான மனைவி தான் குடியிருக்கும் எல்லையிலேயே மனு போடலாம். கைக்குழந்தையோடு தாய்வீட்டுக்கு வந்துவிட்டவளுக்கு இது பேருதவி.

'நகைகள் திருப்பித் தரப்படும்' என்று ஒற்றை வரியில் எழுதுவது வீண். ஆரம் எத்தனை பவுன், வளையல் எத்தனை, பீரோ, கட்டில், எவர்சில்வர் பாத்திரம், எந்தத் தேதி, யார் வீட்டில் ஒப்படைப்பது என்று பட்டியலாக இருக்க வேண்டும். தீர்ப்பாணை வரும்வரை இருவரில் யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் (உச்ச நீதிமன்றம், 1991). ஆகவே பணத்தில் ஒரு பகுதியை முதலிலும் மீதியை இரண்டாம் முறை ஆஜராகும் நாளிலும் தருவதாக எழுதுவது நல்லது. அன்று நீதிபதி முன்னிலையில் டி.டி. கைமாறும், பெற்றுக்கொண்டது பதிவாகும்.

மனையோ வீடோ வழக்கின் பொருளாக இல்லாவிட்டால், தீர்ப்பாணையில் குறிப்பிட்டது மட்டும் போதாது. அந்தத் தீர்ப்பாணையைப் பதிய வேண்டும், அல்லது தனியே பத்திரம் பதிய வேண்டும். பத்திரத்தைக் கணவன் மனைவியாக இருக்கும்போதே பதிந்தால் குடும்ப உறுப்பினருக்கான முத்திரைத்தீர்வைச் சலுகை கிடைக்கும்.

குழந்தையின் ஜீவனாம்சத்தை விட்டுக்கொடுக்கத் தாய்க்கும் உரிமையில்லை. இந்துத் திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி, குழந்தை பற்றிய நிபந்தனைகளை நீதிமன்றம் பின்னாளில் மாற்றலாம். வரதட்சணைக் கொடுமை வழக்கு நிலுவையில் இருந்தால், அதை ரத்து செய்ய உயர் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். அதற்கான ஒத்துழைப்பையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்.

தவணை தவறினால் அதே சட்டத்தின் 28ஏ பிரிவின் துணையோடு நிறைவேற்று மனு போடலாம். சொத்து ஜப்திவரை போகலாம். ஒப்பந்தம் தீர்ப்பாணையில் ஏறாமல் பீரோவில் கிடந்தால், அதே பணத்துக்குப் புதிதாக வழக்குப் போட்டு முதலிலிருந்து நடக்கவேண்டும்.