பெட்டி நமது, சாவி யாருடையது?

வீட்டில் பாட்டுக் கேட்பதற்கும் படம் பார்ப்பதற்கும் ஓர் ஊடகக் கருவி வாங்க விரும்புவோர் சிலர், "இதில் திறந்த மூல மென்பொருள் உண்டா?" என்று விசாரிப்பதுண்டு. நல்ல கேள்விதான். ஆயினும் அது மட்டும் போதாது என்பது என் கருத்து. இரண்டு பெட்டிகளின் வரலாற்றை இதற்குச் சான்றாகத் தருகிறேன்.

முதலாவது டிவோ. 1999இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த இக்கருவி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை வன்தட்டில் பதிந்து வேண்டிய நேரத்தில் காட்டியது. அதனுள்ளே இயங்கியது லினக்ஸ். லினக்ஸ் வெளிவரும் ஜிபிஎல் உரிமத்தின் இரண்டாம் பதிப்பு, மூலநிரலை வாங்கியவருக்கும் கிடைக்கச் செய்யுமாறு விதிக்கிறது. டிவோ நிறுவனம் அவ்வாறே செய்தது. ஆனால், எவரேனும் அந்நிரலைத் திருத்திப் பெட்டியில் ஏற்றினால் பெட்டி அதனை இயக்க மறுத்தது. நிறுவனத்தின் இலக்கமுறைக் கையொப்பம் பெற்ற நிரலையே அது ஏற்றுக்கொண்டது. வாசிக்கலாம், திருத்தலாம், விலை கொடுத்து வாங்கிய பெட்டியில் மட்டும் ஓட்ட முடியாது!

ரிச்சர்ட் ஸ்டால்மன் முதலானோர் இதனை "டிவோமயமாக்கல்" என்று சாடினர். 2007 யூன் 29இல் வெளியான உரிமத்தின் மூன்றாம் பதிப்பு, வீட்டுப் பாவனைப் பொருள்களில் இத்தகைய பூட்டுக்கு இடமளிக்கவில்லை. லினக்ஸின் தந்தை லினஸ் டோர்வால்ட்ஸ் இதற்கு உடன்படவில்லை. வன்பொருளை எவ்வாறு அமைப்பது என்பது தயாரிப்பாளரின் உரிமை என அவர் வாதிட்டார். லினக்ஸ் கரு இன்றும் இரண்டாம் பதிப்பிலேயே நிற்கிறது. ஆதலால் "உள்ளே லினக்ஸ்" என்ற வாசகம் நமக்குச் சாவியைத் தந்துவிடுவதில்லை.

இரண்டாவது ஸ்குவீஸ்பொக்ஸ். சிலிம் டிவைசஸ் என்ற சிறு நிறுவனம் உருவாக்கிய இப்பெட்டி, வீட்டுக் கணினியிலுள்ள பாடல்களை வலையமைப்பு வழியாகப் பெற்று ஒலித்தது. தொடக்ககாலப் பெட்டிகளின் உள்நிரல் திறந்ததன்று. ஆனால் பாடல்களை ஒழுங்குபடுத்தி அனுப்பும் வழங்கி மென்பொருள் ஜிபிஎல் உரிமத்தில் எவருக்கும் கிடைத்தது. 2006இல் லொஜிடெக் இந்நிறுவனத்தை வாங்கியது; 2012இல் அக்கருவி வரிசையைக் கைவிட்டது; 2024இல் அதற்கான இணையச் சேவையையும் மூடியது. அப்போதும் பெட்டிகள் ஊமையாகவில்லை. அந்த வழங்கி மென்பொருளை ஆர்வலர்கள் லிரியன் மியூசிக் சேர்வர் என்ற பெயரில் தொடர்ந்து பேணுகின்றனர். பழைய பெட்டி இல்லாதவரும் ராஸ்பெரி பை போன்ற மலிவான சிறு கணினியை அதனுடன் இணைத்துப் பாட்டுக் கேட்கலாம்.

லினக்ஸைச் சுமந்த பெட்டி பூட்டிக் கிடந்தது. உள்நிரல் மூடியிருந்த பெட்டியோ, அதனை இயக்கும் மென்பொருள் பொதுச்சொத்துப் போல் பலர் கையில் இருந்தமையால், தன்னைக் கைவிட்ட நிறுவனத்தின் முடிவையும் கடந்து வாழ்கிறது.

ஆகவே கருவி வாங்குமுன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். நான் விரும்பும் மென்பொருளை இதில் ஏற்ற முடியுமா? விற்றவர் கடையை மூடிய பின்னரும் என்னிடமுள்ள கோப்புகள் இதில் ஒலிக்குமா? நம்மவர் பலர் ஒலிநாடாக்களிலிருந்து கணினிக்கு மாற்றி வைத்திருப்பவை வெறும் பாடல்கள் மட்டுமல்ல. மறைந்த பெற்றோரின் குரல்களும் அவற்றுள் உண்டு. அவற்றுக்கான சாவியை எந்த நிறுவனத்திடமும் ஒப்படைக்கலாகாது.