தடுப்பா, பண்பா? இடைநிலைக் குறிமுறையில் நினைவக வரிசை: ஓகேமல் தொகுப்பியை முன்வைத்து ஓர் ஆய்வு

பல இழைகள் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்து இயங்கும் நிரலில், ஓர் இழை எழுதியவை மற்றோர் இழைக்கு எந்த வரிசையில் தென்படும் என்பதை நிரலர் எழுதிய வரிசை மட்டும் முடிவு செய்வதில்லை. மூல நிரலை எந்திர ஆணைகளாக மாற்றும் தொகுப்பி, வேகம் கருதி வாசிப்புகளையும் எழுதல்களையும் இடம் மாற்றுகிறது. அவ்வாணைகளை நிறைவேற்றும் செயலி தன் பங்குக்கு மீண்டும் மாற்றுகிறது. இவ்விரு மாற்றங்களுக்கும் எல்லை வகுக்கும் ஏற்பாடே நினைவகத் தடுப்பு எனப்படுகிறது. இழைகளை ஒரு நூலகமாக மட்டும் மொழியோடு சேர்த்துவிட முடியாது, தொகுப்பியும் அவற்றை அறிந்திருக்க வேண்டும் என்று ஹான்ஸ் போம் 2005இல் வாதிட்டார். தொகுப்பி எதை அறிகிறதோ அது அதன் இடைநிலைக் குறிமுறையில், அதாவது மூல நிரலுக்கும் எந்திர ஆணைக்கும் நடுவே தொகுப்பி தனக்கென வைத்துக்கொள்ளும் வடிவத்தில், எழுதப்பட்டிருக்க வேண்டும். தடுப்பை அங்கே தனி ஆணையாக எழுதுவதைவிட, ஒவ்வொரு நினைவக அணுகலின் பண்பாக எழுதுவதே பொருத்தமானது என்பதும், தனித் தடுப்புக்கு உரிய இடம் இறுதிக் கட்டமே என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு.

இரு வழிகள்

முதல் வழியில் தடுப்பு, வாசிப்பு எழுதல்களுக்கு நடுவே நிற்கும் தனி ஆணையாகும். எல்எல்விஎம் தொகுப்பியின் தொடக்கக்கால இடைநிலை மொழியில், வாசிப்பு–வாசிப்பு, வாசிப்பு–எழுதல், எழுதல்–வாசிப்பு, எழுதல்–எழுதல் ஆகிய நான்கு திசைகளில் எவற்றைக் காக்க வேண்டும் என்று தனித்தனியே குறிக்கும் தடுப்பு ஒன்று இருந்தது. சி, சி++ மொழிகளின் 2011ஆம் ஆண்டுத் தரநிலைகள் நினைவக மாதிரியை, அதாவது இழைகள் நினைவகத்தில் எவற்றைக் காணலாம் என்பதற்கான விதித்தொகுப்பை, வகுத்தன. அதையொட்டி அதே ஆண்டில் வந்த எல்எல்விஎம் 3.0 பதிப்பில் அந்தத் தடுப்பு கைவிடப்பட்டு, ‘பெறுதல்’, ‘விடுவித்தல்’ போன்ற வரிசைப் பெயர்களைத் தாங்கும் தடுப்பு அதன் இடத்தைப் பிடித்தது. அதே பெயர்களை வாசிப்பு, எழுதல் ஆணைகளும் தாமே தாங்கலாயின. இரண்டாம் வழி இதுவே: வரிசைக் கட்டுப்பாடு அணுகலோடு ஒட்டிய பண்பாகிறது.

தனித் தடுப்பு தன் இருபுறமும் உள்ள எல்லா அணுகல்களையும் பாதிக்கிறது. பண்போ ஓர் அணுகலைச் சார்ந்த வரிசையை மட்டும் கட்டுகிறது. ஓர் உவமை சொன்னால், மரக்காணக் கரையோர உப்பளங்களில் உவர்நீர் பாத்திக்குப் பாத்தி போகும் வரிசையைக் காக்க அந்தந்த மடையை அடைத்தாலே போதும். தலைவாய்க்காலை அடைத்தாலும் வரிசை காக்கப்படும், ஆனால் தொடர்பில்லாத பாத்திகளும் காத்துக் கிடக்கும்.

ஓகேமலின் தேர்வு

இவ்விரு வழிகளையும் ஒப்பிட ஓகேமல் நல்ல களம். பிரான்சின் இன்ரியா நிறுவனத்தில் 1996இல் உருவான இம்மொழியில், ஒரு நேரத்தில் ஓர் இழை மட்டுமே ஓகேமல் நிரலை இயக்க முடியும் என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது. 2022 டிசம்பரில் வெளியான 5.0 பதிப்பு பல செயலிக் கருக்களில் இணையாக இயங்க வழிவகுத்தது. அதற்கான நினைவக மாதிரியை 2018இல் ஸ்டீஃபன் டோலன், கே.சி. சிவராமகிருஷ்ணன், அனில் மாதவபெட்டி ஆகியோர் முன்வைத்தனர். இரண்டு இழைகள் ஒரே இடத்தை ஒழுங்கின்றி அணுகி, அவற்றுள் ஒன்றேனும் எழுதுமானால் அது தரவுப் போட்டி எனப்படும். சி++ மொழியில் ஒரு போட்டி முழு நிரலின் பொருளையே குலைத்துவிடும். ஓகேமல் மாதிரியிலோ அதன் விளைவு குறிப்பிட்ட இடத்தையும் காலத்தையும் தாண்டாது. இந்த உறுதிக்கு ஈடாகத் தொகுப்பியும் செயலியும், ஒரு வாசிப்புக்குப் பின் வரும் எழுதலை அதற்கு முன்னே நகர்த்தக் கூடாது. இதன் வேக இழப்பு எக்ஸ்86 செயலிகளில் இல்லை என்றும், ஆர்ம் செயலிகளில் சுமார் 0.6% என்றும் அவர்கள் அளந்தனர்.

இக்கட்டுப்பாடு ஓகேமலின் கீழ்நிலைக் குறிமுறையில் தனித் தடுப்பாக இடம்பெறவில்லை. வாசிப்பு ஆணை, தான் அணுத்தன்மை உடையதா, அதாவது இழைகளை ஒத்திசைக்கும் பிரிக்க முடியாத அணுகலா, என்ற குறியைத் தாங்குகிறது. எழுதல் ஆணை, தான் புதிய பொருளுக்கு முதல் மதிப்பு இடுகிறதா, இருக்கும் மதிப்பை மாற்றுகிறதா என்ற குறியைத் தாங்குகிறது. இறுதியில் ஆர்ம் ஆணைகளை வெளியிடும்போதுதான், மதிப்பை மாற்றும் எழுதலுக்கு முன் வாசிப்புத் தடுப்பு ஒன்று சேர்க்கப்படுகிறது. புதிய பொருளை மற்ற இழைகள் இன்னும் அறியாததால் முதல் மதிப்பிடலுக்குத் தடுப்பு தேவையில்லை. எந்திர அளவில் இரண்டும் ஒரே எழுதல் ஆணை. வேறுபாடு இடைநிலையில்தான் தெரியும். இக்குறி ஓகேமல் 4 காலத்திலேயே வேறு தேவைக்காக இருந்தது என்பது கவனிக்கத்தக்கது. எழுதலின் நோக்கத்தைப் பதிவு செய்து வைத்திருந்ததால், பின்னர் வந்த நினைவக மாதிரிக்கும் அது உதவியது.

பண்பின் இன்னொரு நன்மை ரிஸ்க்-ஃபைவ் செயலிகளில் வெளிப்படுகிறது. சென்னை ஐஐடியில் 2014 முதல் உருவாகிவரும் ‘சக்தி’ செயலிகள் இந்தத் திறந்த ஆணைத்தொகுப்பைச் சார்ந்தவை. அதன் தடுப்பு ஆணை, முன்னே எவை, பின்னே எவை என்று இரு தொகுதிகளைப் பெறுவதால், வாசிப்புக்குப் பின் எழுதல் என்ற ஒரே திசையை மட்டும் காக்க இயலும். ஆர்மின் வாசிப்புத் தடுப்போ வாசிப்பு–வாசிப்பு வரிசையையும் சேர்த்தே காக்கிறது. 2011க்குப் பிந்தைய எல்எல்விஎம் தடுப்பாலும் இந்த ஒற்றைத் திசையைத் தனியே சொல்ல முடியாது. ‘பெறுதல்’ என்று எழுதினால் வாசிப்பு–வாசிப்பு வரிசையும் சேர்ந்து தேவைக்கு மேல் கட்டுப்படும். இடைநிலையில் ஆர்ம் தடுப்பையே எழுதியிருந்தால் ரிஸ்க்-ஃபைவ் தரும் நுட்பம் வீணாகியிருக்கும். ‘இது மதிப்பை மாற்றும் எழுதல்’ என்று மட்டும் எழுதியதால், ஒவ்வொரு செயலிக்கும் உரிய தடுப்பைக் கடைசியில் தேர்ந்துகொள்ள முடிகிறது. ஆணைகளை வரிசையாகவே நிறைவேற்றும் எளிய செயலிக்கும் தடுப்பை விட்டுவிட முடியாது. தொகுப்பி கட்டுப்பட வேண்டியது ஆணைத்தொகுப்பின் விதிக்கே தவிர, இன்று கையில் உள்ள ஒரு சில்லின் நடத்தைக்கு அன்று.

இரு மறுப்புகள்

பண்பை மறந்துவிடுவது எளிது என்பது முதல் மறுப்பு. தனித் தடுப்பைப் புரிந்துகொள்ளாத உகப்பாக்கக் கட்டம் (நிரலை வேகப்படுத்தத் தொகுப்பி எடுக்கும் ஒரு படி) அதைத் தாண்டத் தயங்கி நின்றுவிடும். பண்பைப் பாராத கட்டமோ தயங்காமல் தவறு செய்யும். ஓகேமலிலேயே இது நேர்ந்தது. ஒரே கணக்கீடு இருமுறை வந்தால் ஒன்றை நீக்கும் கட்டம், அணு வாசிப்புகளையும் சாதாரண வாசிப்புகள்போல் கருதி நீக்கியது. அது 5.0 வெளிவந்த பின்னரே கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்டது. ஆயினும் இப்பிழை காட்டுவது பண்பின் குறையை அன்று, ஆம்–இல்லை என்ற சிறு குறியாக அதை எழுதியதன் குறையை. அணு வாசிப்பைத் தனி ஆணை வகையாக வைத்தால், ஒவ்வொரு கட்டமும் அதைப் பெயர் சொல்லிக் கையாள நேரிடும்.

இரண்டாம் மறுப்பு வலுவானது. நடுவே வாசிப்பு ஏதுமின்றி இரு எழுதல்கள் அடுத்தடுத்து வந்தால் இரண்டாவது தடுப்பு தேவையற்றது. ஆனால் ஒவ்வோர் எழுதலும் தனித்தனியே வெளியிடப்படும்போது இதைக் காண இயலாது. தடுப்புகளை இணைக்கவும் நீக்கவும் அவை எங்கேனும் வெளிப்படையாக நிற்க வேண்டும். எல்எல்விஎம் இதற்கு ஒரு வழி காட்டுகிறது: அணு அணுகல்களை விரிக்கும் தனிக் கட்டம், தேவைப்படும் செயலிகளுக்கு மட்டும் அணுகலின் முன்னும் பின்னும் தடுப்புகளைச் சேர்க்கிறது.

ஆகவே தடுப்பை எழுதுவதா, பண்பை எழுதுவதா என்ற கேள்விக்கு விடை கட்டத்தைப் பொறுத்தது. பொது உகப்பாக்கங்கள் நடக்கும் வரை வரிசை, மொழியின் சொந்த விதியில் கூறப்பட்ட பண்பாக, புறக்கணிக்க முடியாத ஆணை வகையில் இருக்க வேண்டும். செயலி முடிவான பிறகு அது வெளிப்படையான தடுப்பாக விரிக்கப்பட்டு, மிகையானவை நீக்கப்பட்ட பின்னரே ஆணைகள் வெளியிடப்பட வேண்டும். ஓகேமல் முதல் பாதியைப் பெரிதும் நிறைவேற்றியுள்ளது. எஞ்சிய பாதியே அடுத்து மேற்கொள்ள வேண்டிய பணி.