வானூர்தி செய்தவருக்கு ஸனது வழங்க ஆளில்லை

பறக்க விரும்பிய முஸ்லிம் யார் என்று கேட்டால், நம் பிள்ளைகள் தயங்காமல் ஒரு பெயரைச் சொல்வார்கள். ஸ்பெயின் நாட்டுக் குர்துபாவில் வாழ்ந்து ஹிஜ்ரி 274இல் (கி.பி. 887) மறைந்த அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் என்பதே அப்பெயர். அவர் உடலில் இறகுகளைப் பொருத்திக்கொண்டு சிறிது தூரம் பறந்தார் என்றும், பறவை தரையிறங்கும்போது வாலைத் துணைக்கொள்கிறது என்பதைக் கருதாமையால் இறங்குகையில் முதுகில் அடிபட்டார் என்றும் அல்மக்கரீ தம் 'நஃப்ஹுத் தீப்' நூலில் எழுதியுள்ளார். அரபு மதரஸாக்களில் ஓதியவர்களுக்கு இன்னொரு பெயரும் தெரியும். 'ஸிஹாஹ்' என்னும் புகழ்பெற்ற அகராதியை ஆக்கிய ஜவ்ஹரீ, நைஸாபூரில் கதவுப் பலகைகளைச் சிறகுகளாகக் கட்டிக்கொண்டு உயரத்திலிருந்து பாய்ந்து உயிர் நீத்தார் என்பது அவர் வரலாற்றில் வரும் செய்தி.

இவ்விருவரையும் நினைந்து பெருமை கொள்கிறோம். கொள்ளலாம், தவறில்லை. ஆயினும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மறைந்தவர்களைப் போற்றுவது எளிது. நம் பாட்டனார் காலத்தில், நம்மைப்போல் பெண்டு பிள்ளைகளோடு வாழ்ந்து, பறப்பதையும் புதியன படைப்பதையும் தம் உயிராகக் கொண்ட ஒருவர் இருந்தாரே, அவரை அவர் சமூகம் எவ்வாறு நடத்தியது? துருக்கி நாட்டு வஜீஹி ஹுர்குஷ் அவர்களின் வாழ்க்கை இவ்வினாவுக்கு விடையாக நிற்கிறது.

வஜீஹி 1896ஆம் ஆண்டு இஸ்தான்பூலில் பிறந்தார். சிறு பிள்ளையாய் இருக்கும்போதே தந்தையை இழந்து, தாயின் அரவணைப்பில் வளர்ந்தார். பால்கன் போர் மூண்டபோது அவர் பதின்பருவ இளைஞர். அந்தப் போரில் துருக்கி பட்ட துன்பம் கேட்டு இந்திய முஸ்லிம்கள் நிதி திரட்டியதும், 1912இல் டாக்டர் அன்சாரி தலைமையில் மருத்துவக் குழு ஒன்று கப்பலேறியதும் நாம் அறிந்தவை. நம் குடும்பங்களில் அன்வர் பாட்சா, கமால் பாட்சா என்னும் பெயர்கள் வழங்குவதும் அந்நாளைய பற்றின் அடையாளமே.

முதல் உலகப் போரில் அவர் இயந்திரப் பணியாளராகப் பாக்தாத் முனைக்குச் சென்று அடிபட்டுத் திரும்பினார். பின்னர் யெஷில்கோய் பறப்புப் பள்ளியில் பயின்று விமானி ஆனார். 1917இல் காக்கசஸ் முனையில் ரஷ்ய விமானம் ஒன்றை வீழ்த்தினார். அதே ஆண்டில் தம் விமானமும் வீழ்த்தப்பட, அது பகைவர் கையில் சிக்காதிருக்கத் தீ வைத்துவிட்டுச் சிறைப்பட்டார். காஸ்பியன் கடலிலுள்ள நார்கின் தீவில் அடைக்கப்பட்ட அவர், அங்கிருந்து தப்பி, ஈரான் வழியாகத் தாயகம் வந்து சேர்ந்தார். அடுத்து வந்த விடுதலைப் போரிலும் வானில் நின்று பணியாற்றினார். அதற்காக விடுதலைப் பதக்கமும், தேசிய மன்றத்தின் பாராட்டுகளும் அவருக்குக் கிடைத்தன.

இவ்வளவோடு நின்றிருந்தால் அவர் வீரர் பலருள் ஒருவராக எண்ணப்பட்டிருப்பார். ஆனால் அவர் உள்ளத்தில் வேறொரு வேட்கை இருந்தது. துருக்கியர் ஏறிப் பறந்த விமானங்கள் யாவும் அயல்நாட்டார் செய்தவை. நம் கையால் ஒன்றைச் செய்து, அதிலே நாம் பறந்தால் என்ன என்று அவர் எண்ணினார். பின்வாங்கிய கிரேக்கப் படை விட்டுச் சென்ற இயந்திரங்களும் உறுப்புகளும் கிடைத்தன. அவற்றைக் கொண்டு தம் வரைபடத்தின்படி ஒரு விமானத்தை உருவாக்கி, அதற்கு வஜீஹி கே-6 என்று பெயரிட்டார்.

விமானம் பறக்கத் தகுதியானதுதானா என்று ஆராய்ந்து சான்றிதழ் வழங்க ஒரு குழு அமைக்கப்பட்டது. குழுவினர் வந்து பார்த்தார்கள். ஆனால் ஒரு விமானத்தை ஆராய்ந்து முடிவு சொல்லும் அறிவு அவர்களுள் எவருக்கும் இல்லை. காலம் கடந்தது. சான்றிதழ் வரவில்லை. கடைசியில் 1925 ஜனவரி 28ஆம் நாள் இஸ்மீர் நகருக்கு அருகே வஜீஹி தாமே அதில் ஏறிப் பறந்து, நலமாகத் தரையிறங்கினார். பாராட்டுக்குப் பதிலாக, அனுமதியின்றிப் பறந்த குற்றத்திற்காக அவருக்குத் தண்டனை கிடைத்தது. அவர் படைப்பணியைத் துறந்தார். அந்த விமானத்தில் மீண்டும் பறக்கும் வாய்ப்பு அவருக்கு வாய்க்கவில்லை.

ஐந்தாண்டுகள் கழிந்தன. விமானச் சங்கத்தில் பணியாற்றிக்கொண்டிருந்த அவர், விடுப்பு எடுத்துக்கொண்டு இஸ்தான்பூலின் ஆசியக் கரையிலுள்ள காதிக்கோயில் ஒரு மரவாடியை வாடகைக்குப் பிடித்தார். காஜியின் ஊர் என்பது அவ்வூர்ப் பெயரின் பொருள். தச்சு மரங்களுக்கிடையே மூன்று மாதம் உழைத்து, இருவர் அமரக்கூடிய விமானம் ஒன்றைச் செய்து முடித்தார். வஜீஹி-14 எனப் பெயர்பெற்ற அது 1930 செப்டம்பர் 27ஆம் நாள் மக்கள் முன்னிலையில் பறந்தது. அதிலேயே அங்காராவுக்கும் பறந்து சென்று அரசிடம் சான்றிதழ் கேட்டார். இம்முறையும் பழைய விடைதான்: விமானத்தின் தொழில்நுட்பத் தகுதியை ஆராயத்தக்கவர் எவரும் இல்லாமையால் சான்றிதழ் வழங்க இயலவில்லை.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று நீதியோடு சிந்திக்க வேண்டும். சான்றிதழ் என்பது ஒரு ஷஹாதத்து, சாட்சியம். அறியாத ஒன்றைப் பற்றிச் சாட்சி சொல்வது மார்க்கத்தில் பெரும் பிழை. தகுதியற்ற விமானத்துக்குத் தகுதி உண்டு என்று எழுதிக் கொடுத்து, அதில் ஏறியவர் மாண்டால் எழுதியவர் இறைவன் முன் என்ன சொல்வார்? ஆகவே, 'எமக்குத் தெரியாது' என்று அந்த அதிகாரிகள் சொன்னதில் குற்றமில்லை. தெரியாததைத் தெரியாது என்பதும் அறிவின் ஒரு பகுதிதான்.

குற்றம் அதற்கு அடுத்த அடியில் இருக்கிறது. மதரஸாவில் ஒரு மாணவர் ஓதிமுடித்து ஸனது கேட்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் தேர்ந்த கலை ஆசிரியருக்குத் தெரியாத கலை. ஆசிரியர் ஸனது வழங்க முடியாது. ஆனால், 'இக்கலை வல்லார் இன்ன ஊரில் இருக்கிறார், அவரிடம் செல்' என்று கடிதம் கொடுத்து அனுப்புவார். நம் முன்னோர் ஒரு ஹதீஸைக் கேட்டுத் தெளிவதற்காக நாடுவிட்டு நாடு நடந்ததெல்லாம் இந்த வழிமுறையால்தான். 'எனக்குத் தெரியாது, ஆதலால் நீயும் செய்யாதே. மீறிச் செய்தால் தண்டிப்பேன்' என்று சொன்ன ஆசிரியரை நம் கல்வி மரபு போற்றியதில்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் மருத்துவம், கணக்கு, மற்றும் மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாத கைத்தொழில்கள் ஆகியவற்றை ஃபர்ளு கிஃபாயா என்று வகுத்துரைத்தார்கள். ஊரில் ஒருவர் அதனைக் கற்றிருந்தால் மற்றவர் கடமை நீங்கும். ஒருவருமே கல்லாதிருந்தால் ஊரார் அனைவரும் பொறுப்பாளிகள். இந்த அளவுகோலால் அளந்தால், விமானத்தை ஆராய ஆளில்லை என்ற அந்த விடை, வஜீஹியின் மீது சொல்லப்பட்ட குறை ஆகாது. அது ஒரு நாடு தன்மீது தானே எழுதிக்கொண்ட குற்றப்பத்திரிகை.

வஜீஹி சோர்ந்துவிடவில்லை. விமானத்தைப் பகுதி பகுதியாகக் கழற்றி, இரயிலில் ஏற்றிச் செக்கோஸ்லோவாக்கியாவுக்குக் கொண்டு சென்றார். அங்கு அறிந்தோர் இருந்தனர். ஆராய்ந்து பார்த்து, 1931 ஏப்ரலில் பறக்கும் தகுதி உண்டெனச் சான்றிதழ் அளித்தனர். இரயிலில் பொட்டலமாய்ச் சென்ற விமானம் வானில் பறந்து தாயகம் திரும்பியது.

அடுத்த ஆண்டு, 1932இல், அவர் இஸ்தான்பூலில் பொதுமக்களுக்கான பறப்புப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பன்னிரண்டு மாணவர் சேர்ந்தனர். அவர்களுள் இருவர் பெண்கள். அவ்விருவருள் ஒருவரான பெத்ரியே, பின்னர் துருக்கியின் முதல் பெண் பொது விமானி எனப் பெயர்பெற்றார். 1934இல் துருக்கியர் அனைவரும் குடும்பப் பெயர் சூட்டிக்கொள்ள வேண்டும் என்ற சட்டம் வந்தது. வஜீஹி தமக்கும் தம் வீட்டாருக்கும் ஹுர்குஷ் என்ற பெயரைத் தெரிந்தெடுத்தார். 'ஹுர்' நாம் அறிந்த அரபுச் சொல், விடுதலை பெற்றவர் என்பது பொருள். 'குஷ்' என்றால் துருக்கியில் பறவை. விடுதலைப் பறவை என்னும் பெயரைக் குடும்பத்துக்கே சூட்டியதில் அவர் உள்ளம் வெளிப்படுகிறது. வானத்தைத் தமக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல் வீட்டாருக்கும் பங்கிட்டுக் கொடுக்க விரும்பினார்.

அந்தப் பங்கில் துயரமும் சேர்ந்து வந்தது. அவருடைய உடன்பிறப்பின் மகளும் அவர் வழியில் வானை நாடியவர். 1936இல் பாராசூட்டில் குதித்தபோது அப்பெண் உயிரிழந்தார். தாம் காட்டிய வழியில் வந்த ஓர் இளந்தளிரை மண்ணில் வைத்து மூடுவது எத்தகைய வேதனை என்பதைப் பிள்ளை பெற்றவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பெண்மக்களின் தந்தையாகிய அவர் அத்துயரைத் தாங்கிக்கொண்டு தம் பணியைத் தொடர்ந்தார்.

1937இல், நாற்பது வயது கடந்த பின், அவர் ஜெர்மனியின் வைமர் நகருக்குப் பொறியியல் கற்கச் சென்றார். விமானங்களைத் தம் கையால் செய்து பறக்கவிட்ட ஒருவர், இளைஞர்களோடு வகுப்பில் அமர்ந்து பாடம் கேட்டார். 1939இல் பட்டயத்தோடு திரும்பினார். இரண்டே ஆண்டில் ஒருவர் பொறியாளர் ஆகிவிட முடியாது என்று சொல்லி அப்பட்டயத்தை ஏற்க மறுத்தனர். அவர் உயர் நிர்வாக மன்றத்தில் முறையிட்டுத் தம் உரிமையைப் பெற வேண்டியதாயிற்று. முன்பு, ஆராய்வதற்கு அறிந்தவர் இல்லை என்றனர். அறிந்தவராக அவரே ஆகி வந்தபோது, அவர் அறிந்தது போதாது என்றனர்.

1954இல் ஹுர்குஷ் வான்வழி நிறுவனத்தைத் தொடங்கினார். அரசு நிறுவனம் கழித்துவிட்ட பழைய விமானங்களை வாங்கிச் செப்பனிட்டு ஓட்டிய நிறுவனம் அது. அதுவும் நிலைக்கவில்லை. தடைகள் வந்தன, கடன் பெருகியது. முதுமையில் நாட்டுப் பணிக்காக அவருக்கு அளிக்கப்பட்ட உதவித்தொகையையும் கடன் பிடித்துக்கொண்டது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் பறந்த அவர், 1969 ஜூலை 16ஆம் நாள் அங்காராவில் மறைந்தார். சந்திரனில் மனிதரை இறக்கிய அப்போலோ 11 விண்கலம் பூமியை விட்டுப் புறப்பட்ட நாளும் அதுவே.

இன்று அவர் நாட்டில் அவருக்குப் புகழ் உண்டு. துருக்கி விமானத் தொழிலகம் உருவாக்கி, 2013இல் முதன்முதலாகப் பறக்கவிட்ட பயிற்சி விமானத்துக்கு ஹுர்குஷ் என்றே பெயர். 2018இல் அவர் வாழ்க்கை திரைப்படமாகவும் வந்தது. இவையெல்லாம் நல்லவையே. ஆனால் 1930இல் அவர் கேட்டது சிலையையோ படத்தையோ அன்று. தம் வேலையை அறிந்து பார்த்து, 'ஆம்' அல்லது 'இல்லை' என்று சொல்லக்கூடிய ஒரு மனிதரைத்தான் அவர் கேட்டார்.

பறவைகள் வானில் சிறகு விரித்தும் மடக்கியும் செல்வதை உற்று நோக்குமாறு திருக்குர்ஆனின் 'அல்முல்க்' அத்தியாயம் நம்மை அழைக்கிறது. அந்த அழைப்பை ஓதுகிறோம், மனனம் செய்கிறோம். நம் வீட்டுப் பிள்ளை ஒன்று நிமிர்ந்து பறவையைப் பார்த்துவிட்டுக் காகிதத்தையும் மூங்கில் குச்சியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால், 'போய்ப் பாடத்தைப் படி' என்கிறோம். அந்தப் பிள்ளை செய்வதை மதிப்பிடும் அறிவு நமக்கு இல்லாதிருக்கலாம். அது இழிவன்று. அறிந்தவரிடம் கைபிடித்து அழைத்துச் செல்வதற்குப் பொறியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அன்பும் பொறுமையும் போதும். பிள்ளை அமானிதம் என்றால் அப்பிள்ளையின் ஆற்றலும் அமானிதம்தான்.

இப்னு ஃபிர்னாஸின் பெயரை மேடைகளில் முழங்கும் நாம், வஜீஹியின் வரலாற்றையும் வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்வோமாக. முந்தையது பெருமை தரும், பிந்தையது பொறுப்பை உணர்த்தும். தடைபல கண்டும் கைவேலையை விடாத அந்த விடுதலைப் பறவைக்கும், அவர் வழியில் உயிர்நீத்த அந்த இளம்பெண்ணுக்கும் அல்லாஹ் மஃபிரத்து அருள்வானாக. அவரைப் போன்றோர் நம்மிடையே தோன்றும்போது கண்டறிந்து துணைநிற்கும் நல்லறிவை நமக்கும் அருள்வானாக. ஆமீன்.