நானிங் மலைச்சாரலும் நம்மவர் சரித்திரமும்

சரித்திரம் என்றவுடன் நம்மவர் மனம் கடல் கடந்து ஓடுகின்றது. தஞ்சைப் பெரிய கோயிலையும், கங்கைகொண்ட சோழபுரத்தையும், 1025-ஆம் ஆண்டையொட்டி இராசேந்திரன் கடாரத்தின்மேல் ஏவிய கப்பற்படையையும் பேசத் தொடங்கினால் பொழுது போவது தெரிவதில்லை. அப்பெருமைகள் மெய்யே, மறுப்பாரில்லை. ஆயினும், நாம் நாள்தோறும் மிதித்து நடக்கும் இந்த மண்ணுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதில் நம்மவர்க்கும் ஒரு பங்குண்டு. அதனை அறிந்தோர் நம்முள் மிகச் சிலரே. அறியாமைக்குக் காரணம் அது தொலைவில் இருப்பதன்று. மிக அருகில் இருப்பதேயாகும்.

லூபோக் சீனாவில் நின்று சுற்றிலும் நோக்குவோம். 'லூபோக்' என்னும் மலாய்ச் சொல் ஆற்றின் ஆழ்ந்த மடுவைக் குறிப்பது. மலாக்கா மாநிலத்தின் வடமேற்கு மூலையில், நெகிரி செம்பிலானின் எல்லையோரம் அமைந்த சிற்றூர் இது. மேற்கே லிங்கி ஆறு கடலை நாடிச் செல்கின்றது. வடகிழக்கே ரெம்பாவ் நாட்டில், ஏறக்குறைய 2,900 அடி உயரத்திற்குக் குனோங் டத்தோ மலை எழுந்து நிற்கின்றது. கிழக்கே சிறு குன்றுகளும், அவற்றின் இடையிடையே நெல் விளைந்த பள்ளத்தாக்குகளும், பழமரச் சோலைக்குள் பதுங்கிய கம்பங்களும், பால்மரக் காடுகளும் மாறிமாறி வரும். கம்பத்து வீடுகளின் முன்னே வண்ண ஓடுகள் பதித்த படிக்கட்டுகள் விசிறிபோல் விரிந்திருக்கும். கடேக்கில் நிலத்தினின்று வெந்நீர் ஊறுகின்றது. இம்மலைச்சாரலின் பழம்பெயரே நானிங் என்பது.

கல்லில் கலந்த இரு உலகங்கள்

லூபோக் சீனாவிலிருந்து மாநில எல்லையைக் கடந்து சில மைல் சென்றால் பெங்காலான் கெம்பாஸ் வரும். அங்கே அகமது மஜ்னு என்பாருடைய கல்லறையும், அதன் அருகே ஆள் உயரத்திற்கும் மேற்பட்ட நெடுங்கற்களும் நிற்கின்றன. வாள், கரண்டி, சுக்கான் என்று அவற்றின் வடிவு நோக்கி மக்கள் பெயரிட்டுள்ளனர். ஒரு கல்லில் 'அல்லாஹ்' என்னும் திருப்பெயர் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளது. கல்லறைத் தூணின் எழுத்துக்களோ இருவகையின. ஒருபுறம் அரபு எழுத்து. மற்றொருபுறம் பழைய சுமத்திரா எழுத்து. ஒன்று ஹிஜ்ரி 872 என்கின்றது. மற்றொன்று சக ஆண்டு 1385 என்கின்றது. முன்னது கி.பி. 1467-68, பின்னது 1463-64. இரண்டிற்கும் நான்காண்டு வேறுபாடு உண்டெனினும், மலாக்காவில் சுல்தான் மன்சூர் ஷா ஆண்ட காலத்திற்குள்ளேயே இரண்டும் அடங்கும்.

தமிழர் இங்கே சற்று நின்று எண்ண வேண்டும். அந்தச் சுமத்திரா எழுத்தின் மூதாதை பல்லவர் நாட்டினின்று கடல் கடந்த எழுத்தே. சக ஆண்டோ நம் நாட்டுக் கல்வெட்டுக்களிலும் காணப்படுவது. படைகொண்டு வென்றது அழிந்துபோயிற்று. எழுத்தும் கணக்குமாக வந்தது, ஆயிரம் ஆண்டு கழிந்தும் ஒரு முஸ்லிம் பெரியாரின் கல்லறையில் நிலைத்து நின்றது!

அங்குள்ள கற்களுள் ஒன்றில் ஒரு துளை உண்டு. பொய்யன் கையை நுழைத்தால் கல் இறுகிப் பிடித்துக்கொள்ளும் என்பது கதை. நானிங் பகுதியில் ஆங்காங்கே நிற்கும் நெடுங்கற்களை 'உயிருள்ள கற்கள்' என்றும், அவை வளர்கின்றன என்றும் சொல்வர். இதைக் கேட்டு நம்மவர் நகைக்க வேண்டுவதில்லை. நம் ஊர்களில் நட்ட கல்லுக்கு நாம் கட்டிய கதைகள் இதனினும் பெரியவை. கல் வளர்வதில்லை, கல்லைப் பற்றிய அறிவே வளர வேண்டும்.

பத்தில் ஒன்று

கிழக்கே சென்றால் தாபோ நானிங் என்னும் சிற்றூர் வரும். அங்கே டோல் சாயிட் என்னும் தலைவரின் கல்லறை உள்ளது. நானிங் மக்கள் சுமத்திராவின் மினாங்கபாவ் நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழியினர். டச்சுக்காரர் மலாக்காவை ஆண்ட காலத்தில், விளைவில் பத்தில் ஒன்று தமக்கு உரியதென ஏட்டில் எழுதிக்கொண்டனர். ஆனால் நாளடைவில் அவர்கள் பெற்றதோ, 'கந்தாங்' என்னும் மலாய்ப் படியால் ஆண்டுக்கு 400 படி நெல் மாத்திரமே. அஃது ஒரு மரியாதைக் காணிக்கையாக இருந்ததேயன்றி வரியாக இருந்ததில்லை.

மலாக்கா ஆங்கிலக் கும்பினியின் கைக்கு வந்தபின், பழைய ஏட்டைப் புரட்டிய அதிகாரிகள், நானிங் மலாக்காவின் ஒரு பகுதியே என்றும், பத்தில் ஒன்றை முழுமையாகச் செலுத்த வேண்டும் என்றும் கட்டளையிட்டனர். டோல் சாயிட் மறுத்தார். 1831-ஆம் ஆண்டு சுமார் 150 சிப்பாய்களும் இரண்டு பீரங்கிகளும் நானிங்கை நோக்கிப் புறப்பட்டன. கம்பத்து மக்கள் வழியெங்கும் மரங்களை வெட்டிச் சாய்த்தனர்; மூங்கில் முளைகளைக் கூர்சீவி நட்டனர்; ரெம்பாவ் மக்களும் அவர்களுக்குத் துணை நின்றனர். படை பீரங்கிகளைக் கைவிட்டு மலாக்காவுக்குத் திரும்பியது.

அவமானம் பொறாத கும்பினி, ரெம்பாவைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டு, 1832-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படையினரை அனுப்பியது. காட்டை அகலமாக வெட்டிப் பாதை அமைத்து, மாதத்திற்குச் சில மைல் என்று ஊர்ந்த அப்படை ஜூன் மாதத்தில் தாபோவைப் பிடித்தது. பின்னர் டோல் சாயிட் சரணடைந்தார். கும்பினியிடம் ஓய்வூதியம் பெற்று வாழ்ந்து 1849-இல் மறைந்தார். போருக்கான செலவு ஏறக்குறைய ஓர் இலட்சம் பவுன் என்பர். சில வண்டி நெல்லுக்காக ஓர் இலட்சம் பவுன்! கணக்குப் பிள்ளை வேலை பார்க்கும் எவரும் இத்தகைய பேரேட்டைக் கண்டால் தலையில் கைவைத்துக்கொள்வர்.

பெயரில்லாச் சிப்பாய்கள்

அந்தச் சிப்பாய்கள் எந்நாட்டவர்? அவர்கள் சென்னைக் காலாட்படையினர். தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களும் கலந்த படையினர். காட்டை வெட்டிப் பாதையமைத்த படைப் பிரிவும் சென்னையிலிருந்து வந்ததே. மலாக்கா மலைச்சாரலில் பால்மரம் ஊன்றப்படுவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, நம்மவர் கையில் கத்தியோடும் துப்பாக்கியோடும் இந்த மண்ணை மிதித்துவிட்டனர்.

இதில் ஒரு கசப்பான பொருத்தத்தைக் காண்கிறோம். 1820 முதல் சென்னை மாகாணத்தில் ரயத்துவாரி முறை பரவியது. அங்கே கும்பினி குடியானவனிடம் வாங்கிய வரி, பத்தில் ஒன்றினும் மிகப் பெரிது. தன் ஊரில் வரிச்சுமை தாங்கமாட்டாத குடியானவனின் மகன், மாதச் சம்பளத்திற்காகக் கடல் கடந்து வந்து, வரி கொடுக்க மறுத்த மற்றொரு குடியானவனைச் சுட்டான். அவனைப் பழிப்பதா, அவனுக்காக இரங்குவதா? இரண்டும் வேண்டுவதில்லை, அவனை மறவாதிருத்தலே நம் கடமை. கடாரம் வென்ற கதையை நம்முடையதென உரிமை கொண்டாடும் நாம், இக்கதையையும் நம்முடையதென ஒப்புக்கொள்ள வேண்டும்.

போரில் மாண்ட ஆங்கிலேய இளம் அதிகாரிகள் இருவருக்கு மலாக்காவின் டச்சுக் கல்லறைத் தோட்டத்தில் நினைவுக்கல் உண்டு. போரில் கலந்துகொண்ட கேப்டன் பெக்பி எழுதிய நூல், 1834-இல் சென்னை வேப்பேரி மிஷன் அச்சகத்தில் அச்சாயிற்று. சிறுவயதில் மலாக்காவில் தமிழ் கற்ற முன்ஷி அப்துல்லாவும், 1849-இல் வெளியான தம் வரலாற்று நூலில் நானிங் போரைப் பற்றி எழுதியுள்ளார். தலைவருக்குக் கல்லறை உண்டு. அதிகாரிக்குக் கல் உண்டு. சிப்பாய்க்கோ எங்கும் பெயரில்லை.

மகளுக்கு உரிய மண்

நானிங்கில் கற்க வேண்டியது போர்க்கதை மட்டுமன்று. 'அடாட் பெர்ப்பாதே' என்னும் வழக்கத்தின்படி, இங்கே முன்னோரின் நிலம் தாய்வழியில் மகளுக்குச் சேர்வது. மணமகன் மனைவியின் ஊருக்குக் குடிபோவான். வீடும் வயலும் அவளுடையன. 1929-இல் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்ணுக்கும் ஆணோடு ஒத்த சொத்துரிமை வேண்டுமெனத் தீர்மானித்தது. அது தமிழ்நாட்டில் சட்டமாக 1989-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று; இந்தியா முழுமைக்கும் 2005 ஆயிற்று. நம் தலைவர்கள் மேடையில் முழங்கிக் கேட்ட உரிமைகளுள் ஒன்று, நம் தோட்டத்து வேலிக்கு அப்பால் உள்ள கம்பத்தில் ஓசையின்றி நடந்துகொண்டிருந்தது. நாம் எட்டிப் பார்க்கவில்லை!

நாம் செய்யத்தக்கது

மலாக்காவில் டான் சே யான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கிலும் பின்னர் புக்கிட் அசகானிலும் பால்மரம் பயிரிட்டார். அதன்பின் நம்மவர் ஆயிரக்கணக்கில் வந்தனர். அவர்களுள் மிகப் பலருடைய பெயர் எழுதப்பட்ட ஒரே ஏடு, நாள்தோறும் பெரட்டில் கூப்பிடும் செக்ரோல் புத்தகமே. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் போனபோது, அப்புத்தகங்கள் பழைய காகிதமாகக் கழிக்கப்படுவதைக் கண்ணாரக் கண்டவன் நான். சிப்பாய்க்கு நேர்ந்தது பால்வெட்டிக்கும் நேர்ந்துகொண்டிருக்கிறது.

ஆதலால், அன்பர்களே, விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தொலைதூர ஊர்களுக்குப் போவோர், ஒரு நாளையேனும் இம்மலைச்சாரலுக்கு ஒதுக்குங்கள். பெங்காலான் கெம்பாஸ் தூணைக் காட்டி, அந்த எழுத்து எங்கிருந்து வந்ததென்று சொல்லுங்கள். தாபோவில் டோல் சாயிட்டின் கல்லறைமுன் நின்று, பத்தில் ஒன்றின் கதையைச் சொல்லுங்கள். கம்பத்துப் பெரியவர்களிடம் வணக்கத்தோடு பழங்கதை கேளுங்கள். வீடு திரும்பியபின், உங்கள் பாட்டன் எந்த ஊரிலிருந்து வந்தான், எந்தத் தோட்டத்தில், எத்தனையாம் நம்பர் மலையில் பால் வெட்டினான் என்பதைப் பாட்டி உயிரோடிருக்கும்போதே கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெயரோடும் ஆண்டோடும் எழுதி வையுங்கள்.