குவின்சியின் பழைய வீடு

அமெரிக்காவின் இரண்டாம் குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸும், ஆறாம் குடியரசுத் தலைவரான அவர் மகன் ஜான் குவின்சி ஆடம்ஸும் பிறந்த வீடுகள் மாசச்சூசெட்ஸ் மாநிலத்துக் குவின்சி நகரில் அருகருகே நிற்கின்றன. பின்புறக் கூரை நீண்டு தாழ்ந்து, பழங்கால மர உப்புப்பெட்டியை ஒத்திருப்பதால் 'உப்புப்பெட்டி வீடு' எனப்படும் எளிய உழவர் வீடுகள் அவை. ஆயினும் குடும்பத்தார் 'பழைய வீடு' என்று உரிமையோடு குறித்தது, ஜான் ஆடம்ஸ் லண்டனில் தூதராக இருந்த 1787-இல் விலைக்கு வாங்கிய வேறொரு வீட்டையே.

அவ்வீட்டை 1731-இல் கட்டியவர் லெனார்டு வாசல். ஜமைக்காவில் அடிமைகளின் உழைப்பால் நடந்த கரும்புத் தோட்டங்களே அவருடைய செல்வத்தின் ஊற்று. அவர் மகாகனிப் பலகை பதித்த கூடம் இருண்டிருந்ததால், ஜானின் மனைவி அபிகெய்ல் அதற்கு வெள்ளை வண்ணம் பூசச் செய்தார். பிற்காலத் தலைமுறையினர் அந்தப் பூச்சை நீக்கி மரத்தை மீண்டும் வெளிக்கொணர்ந்தனர். 'பீஸ்ஃபீல்டு', அதாவது அமைதி வயல், என்று தாம் பெயரிட்ட இவ்வீட்டிலேயே, விடுதலைப் பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நாளான 1826 ஜூலை 4 அன்று ஜான் ஆடம்ஸ் காலமானார்.

தலைவர் பதவிக்குப் பின் பிரதிநிதிகள் அவைக்குச் சென்ற மகன், அடிமைமுறை பற்றிய மனுக்களை விவாதமின்றி ஒதுக்கிய 'வாய்ப்பூட்டு விதி'யை எதிர்த்துப் போராடி 1844-இல் நீக்கச் செய்தார். 1841-இல், 'அமிஸ்டாட்' கப்பலில் கலகம் செய்து சிறைப்பட்ட ஆப்பிரிக்கர்களுக்காக உச்ச நீதிமன்றத்தில் அவர் வாதாடினார். விடுதலை பெற்ற அவர்கள் நன்றியாக அவருக்கு ஒரு விவிலியப் பிரதியை அளித்தனர்.

தம் நூல்களைத் தீப்பிடிக்காத கட்டடத்தில் காக்க வேண்டும் என்ற அவருடைய உயில் விருப்பத்தின்படி, உள்நாட்டுப் போர்க்காலத்தில் பிரிட்டனுக்குத் தூதராக இருந்த அவர் மகன் சார்லஸ் பிரான்சிஸ், 1870 வாக்கில் தோட்டத்தில் கல் நூலகம் எழுப்பினார். 12,000-க்கும் மேற்பட்ட நூல்களோடு அந்த விவிலியமும் அங்கே இடம்பெற்றது. அடுத்த தலைமுறையின் வரலாற்றாசிரியர் புரூக்ஸ் ஆடம்ஸ் 1927-இல் மறைந்ததோடு குடும்பத்தின் வாசம் முடிவுற, 1946-இல் வீடு நாட்டுடைமையானது. கரும்புத் தோட்டப் பணத்தில் பதித்த மகாகனிப் பலகைக்கும், விடுதலை பெற்றோர் தந்த விவிலியத்துக்கும் இடையே இன்று உள்ள தொலைவு ஒரு தோட்டத்தின் அகலமே.