புற்றுநோய்க்குப் பிந்தைய உடற்பயிற்சியின் வரலாறு

புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர் உடம்பை வருத்தாமல் ஓய்வெடுக்க வேண்டும் என்பதுதான் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் மருத்துவர்கள் சொல்லி அனுப்பிய அறிவுரை. அதைச் சோதித்துப் பார்த்தவர்கள் இல்லை. மாரடைப்பு வந்தவர்களையும் அக்காலத்தில் வாரக்கணக்கில் படுக்கவே வைத்தார்கள். பாஸ்டனில் சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லோனும் நோயாளிகளை நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்து 1952இல் முடிவுகளை வெளியிட்ட பிறகு இதயநோயில் அந்த வழக்கம் தளரத் தொடங்கியது. புற்றுநோயில் அது தளர இன்னும் 30 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

மார்பகப் புற்றுநோயில் இந்தத் தடை மிகக் கடுமையாக இருந்தது. அதற்கு வித்திட்டது ஓர் அறுவை சிகிச்சை முறை. பால்டிமோரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் வில்லியம் ஹால்ஸ்டெட், தாம் அறுவை செய்த 50 பெண்களின் விவரங்களை 1894இல் வெளியிட்டார். மார்பகத்தோடு அதன் அடியிலுள்ள தசைகளையும் அக்குளிலுள்ள நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து அகற்றுவது அவருடைய முறை. முடிச்சுகள் போனால் கையிலிருந்து நிணநீர் வடியும் வழி அடைபடும். சிலருக்குக் கை வீங்கிவிடும். ஒருமுறை வீங்கினால் முழுமையாகக் குணமாவது அரிது. எனவே கனமான பையைத் தூக்காதே, குழந்தையை இடுப்பில் வைக்காதே, அந்தக் கையால் வேலை செய்யாதே என்று வாழ்நாள் முழுவதற்குமான தடைகள் விதிக்கப்பட்டன. 1971இல் பெர்னார்ட் ஃபிஷர் தலைமையில் தொடங்கிய ஆய்வு, தசைகளை வெட்டியெடுப்பதால் ஆயுள் கூடுவதில்லை என்று காட்டியது. சிறிய அறுவைகள் வந்தன. ஆனாலும் கையைப் பற்றிய பயம் அப்படியே நின்றது.

இதற்கு முதலில் எதிர்க்குரல் கொடுத்தவர் மருத்துவர் அல்லர், ஒரு நோயாளி. நியூயார்க்கைச் சேர்ந்த டெரீஸ் லாசருக்கு 1952இல் மார்பகம் அகற்றப்பட்டது. அதற்குப் பிறகு எப்படி வாழ்வது, கையை எப்படி அசைப்பது என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கயிறு கட்டிய ரப்பர் பந்தோடு அவர் மற்ற நோயாளிகளின் படுக்கைகளைத் தேடிப்போய்ப் பயிற்சிகளைக் கற்றுக்கொடுத்தார். மருத்துவர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் அவர் தொடங்கிய அமைப்பு வளர்ந்தது. 1969இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் அதை ஏற்று நடத்தத் தொடங்கியது. நோயை அனுபவித்தவர் அருகில் வந்து செய்துகாட்டுவதற்கு இருந்த வலிமையை மருத்துவ ஆய்வு பின்னாளில்தான் கண்டுகொண்டது.

அளந்து பார்க்கும் வேலையை முதலில் எடுத்துக்கொண்டவர்களில் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்துச் செவிலியர் ஆய்வாளர்கள் முக்கியமானவர்கள். மேரில் வின்னிங்ஹாமும் அவருடைய குழுவினரும் கீமோதெரபி பெற்றுக்கொண்டிருந்த பெண்களை நிலைச் சைக்கிளில் வாரம் மூன்று நாள், பத்து வாரங்கள் மிதிக்கவைத்தார்கள். 1989இல் வெளியான முடிவுகளில், பயிற்சி செய்தவர்களின் உடல்திறன் சுமார் 40 சதவீதம் உயர்ந்திருந்தது. அடுத்த பத்தாண்டில் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் ஃபெர்னாண்டோ டிமியோ, தீவிரக் கீமோதெரபி முடித்தவர்களை டிரெட்மில்லில் நடக்கவைத்து ஆராய்ந்தார். சோர்வுக்கு மருந்தாகச் சொல்லப்பட்ட ஓய்வே தசைகளைக் கரைத்துச் சோர்வைக் கூட்டுகிறது என்பது மெல்லத் தெளிவானது.

கை வீக்கம் பற்றிய பயத்தை நேரடியாகச் சோதித்தது கனடாவின் வான்கூவர். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் விளையாட்டு மருத்துவர் டான் மெக்கென்ஸி, மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 24 பெண்களை 1996இல் டிராகன் படகு வலிக்கப் பழக்கினார். தோளும் கையும் ஓயாமல் இயங்கும் துடுப்புப் போட்டி அது. அன்றைய அறிவுரைப்படி அவர்கள் அறவே செய்யக் கூடாத வேலை. அந்தப் பருவத்தில் புதிதாக யாருக்கும் வீக்கம் வரவில்லை. இன்று உலகின் பல நாடுகளில் இத்தகைய படகுக் குழுக்கள் இருக்கின்றன. ஆனால் 24 பேர், அதிலும் தாமாக முன்வந்தவர்கள், எல்லாருக்கும் சான்றாகிவிட முடியாது.

அந்தச் சான்றைத் தந்தவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கேத்ரின் ஷ்மிட்ஸ். ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வாரம் இருமுறை எடைப் பயிற்சி கொடுத்தார். அழுத்த உறை அணிந்து, மிகக் குறைந்த எடையில் தொடங்கி, மெல்ல மெல்லக் கூட்டினார்கள். மேல் வரம்பு ஏதும் வைக்கவில்லை. ஓராண்டுக்குப் பிறகு பயிற்சி செய்தவர்களில் 11 சதவீதத்தினருக்கும் செய்யாதவர்களில் 12 சதவீதத்தினருக்கும் வீக்கம் கூடியிருந்தது. நோய்க்குறி திடீரென மோசமானவர்கள் முன்னதில் 14 சதவீதம், பின்னதில் 29. முடிவுகள் 2009இல் வெளியாயின. மறு ஆண்டே, சும்மா இருப்பதைத் தவிருங்கள் என்று அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் நிபுணர் குழு புற்றுநோயாளிகளுக்கு அறிவுறுத்தியது.

உடற்பயிற்சி ஆயுளை நீட்டுமா என்ற கேள்வி மட்டும் நின்றது. நடப்பவர்கள் அதிக நாள் வாழ்கிறார்கள் என்று 2005இல் மிஷேல் ஹோம்ஸின் குழு மார்பகப் புற்றுநோய் வந்த 2,987 செவிலியர்களின் தரவுகளைக் கொண்டு காட்டியது. ஆனால் நலமாக இருப்பவர்தானே நடப்பார் என்ற ஐயத்தை அது தீர்க்கவில்லை. தீர்க்க முயன்றது 2009இல் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலுமாகத் தொடங்கிய 'சேலஞ்ச்' ஆய்வு. பெருங்குடல் புற்றுநோய்க்குக் கீமோதெரபி முடித்த 889 பேரைச் சேர்க்கவே சுமார் 15 ஆண்டுகள் ஆயின. ஒரு பகுதியினருக்கு மூன்றாண்டுத் திட்டத்தோடு, தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நேரில் சந்திக்கும் பயிற்சி ஆலோசகரும் கிடைத்தார். மற்றவர்களுக்கு அறிவுரைப் புத்தகங்கள் மட்டும். 2025இல் வெளியான முடிவுப்படி, எட்டாம் ஆண்டில் முதல் குழுவில் 90.3 சதவீதத்தினர் உயிரோடு இருந்தனர். இரண்டாம் குழுவில் 83.2. தசை, எலும்பு வலிகள் பயிற்சிக் குழுவில் கூடுதல் என்பதையும் சொல்ல வேண்டும்.

லாசர் படுக்கையருகே வந்து நின்றார்; ஷ்மிட்ஸின் பயிற்சியாளர்கள் எடையைப் படிப்படியாகக் கூட்டினார்கள்; 'சேலஞ்ச்' ஆலோசகர்கள் மூன்றாண்டுகள் கூடவே இருந்தார்கள். பலன் தந்தது கூடவே நின்ற அந்த மனிதர்தான் என்று கருத இடமிருக்கிறது. ஜெர்மனியில் மருத்துவர் எழுதிக்கொடுத்தால் பயிற்சியாளரோடு செய்யும் குழுப் பயிற்சியின் செலவைச் சட்டமுறைக் காப்பீடு ஏற்கிறது. மற்ற நாடுகளின் புற்றுநோய் மருத்துவமனைகளும் கீமோதெரபி அறைக்குப் பக்கத்தில் ஒரு பயிற்சியாளருக்கு இடமும் சம்பளமும் ஒதுக்க வேண்டும்.