உறையூர் ஓடுகளும் ரோம் என்ற முத்திரையும்

மலைக்கோட்டைக்கு மேற்கே, இன்று வீடுகள் நெருங்கிக் கிடக்கும் உறையூரில் சென்னைப் பல்கலைக்கழகம் 1960களில் அகழாய்வு நடத்தியது. கருப்பு-சிவப்பு மட்கலங்கள், தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகள், செங்கல்லால் கட்டிய சாயத்தொட்டி ஆகியவற்றோடு ரௌலட்டட் மட்கல ஓடுகளும் கிடைத்தன. இவ்வோடுகளை ரோமானியத் தொடர்பின் சான்றாகக் காட்டும் வழக்கம் நம்மிடையே இன்னும் நீடிக்கிறது. அதைக் கைவிட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்த வழக்கம் புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் பிறந்தது. 1945இல் அங்கு அகழ்ந்த மார்ட்டிமர் வீலருக்கு இத்தாலிய வகைச் செந்நிற மட்கலங்கள் கிடைத்தன. அரெஸ்ஸோ நகரின் பெயரால் அரிட்டைன் எனப்படுபவை இவை. அவற்றில் அலங்கார வகையைச் செய்யும் முறை நுட்பமானது. கிண்ண வடிவ அச்சின் உட்புறத்தில் உருவங்களைப் பதித்துச் சுட்டெடுப்பார்கள். அதற்குள் ஈரக் களிமண்ணை இட்டுச் சக்கரத்தில் சுழற்றினால் உருவங்கள் கிண்ணத்தின் வெளிப்புறத்தில் புடைத்து நிற்கும். மண் உலர்ந்து சுருங்கியதும் கலம் தானே அச்சை விட்டு விலகும். பல கலங்களில் பட்டறைக்காரரின் முத்திரையும் இருக்கும். அதனால் காலத்தை நெருக்கமாகச் சொல்ல முடிகிறது. அரிக்கமேட்டின் காலவரிசையை வீலர் இவற்றைக் கொண்டே வகுத்தார். ரௌலட்டட் கலத்தையும் மத்தியதரைக்கடல் சரக்கெனக் கருதினார்.

ஆனால் ரௌலட்டட் தட்டு வேறு இனம். மெல்லிய, கெட்டியான ஓடு. தட்டினால் உலோகம்போல் ஒலிக்கும். விளிம்பு உள்நோக்கி வளைந்திருக்கும். உட்புற அடியில் ஆப்பு வடிவச் சிறு குழிகள் வளைய வளையமாக ஓடும். புடைத்த உருவம் எதுவும் இராது. இதன் மண்ணை எக்ஸ்ரே முறையில் ஆராய்ந்த கோக்டே, வங்காளத்தின் சந்திரகேதுகர்-தாம்லுக் பகுதியே இதன் பிறப்பிடம் என 1997இல் வாதிட்டார். விமலா பெக்லியோ அரிக்கமேட்டில் இக்கலத்தின் தொடக்கத்தை ரோமானிய வணிகத்துக்கும் முன்னே கொண்டு சென்றார். குழி பதிக்கும் உத்தி மேற்கிலிருந்து வந்திருக்கலாம் என்பதை நானும் மறுக்கவில்லை. உத்தி வந்தது என்பதால் தட்டே கப்பலேறி வந்தது என்றாகிவிடாது.

இது வெறும் பெயர்ச் சிக்கலன்று. ரௌலட்டட் ஓடு கண்ட இடமெல்லாம் கி.பி. முதல் நூற்றாண்டு எனக் குறித்தால், உறையூரின் தொன்மையான மண்ணடுக்குகள் காரணமின்றிப் பின்தள்ளப்படும். சோழர் தலைநகரான அவ்வூரின் தொடக்கம் ரோமானியக் கப்பலுக்காகக் காத்திருந்ததுபோல் ஆகிவிடும்.

கிரேக்க வணிகக் கையேடான பெரிப்ளுஸ், மேற்குக் கரையில் முசிறிப் பக்கத் துறைகளில் இறங்கிய நாணயம், பவளம், செம்பு, சிறிதளவு மது எனப் பலவற்றைப் பட்டியலிடுகிறது. மண் தட்டு அதில் இல்லை. அர்கரு என அது குறிக்கும் உள்நாட்டு ஊரை அறிஞர்கள் உறையூர் என்கின்றனர். அங்கிருந்து வெளியே சென்றது மெல்லிய துணி. அடுத்து அந்நூல் கிழக்குக் கரையின் கமரா, பொதுகே துறைகளையும், கங்கைக்குச் செல்லும் பெருங்கலங்களையும் சொல்கிறது. உறையூர்த் தட்டுகள் காவிரிக்கு வந்த வழியை இந்தக் கீழைக்கடல் போக்குவரத்தில்தான் முதலில் தேட வேண்டும்.